இறந்தோர் பக்கத்தில் ஆர்திமோன்

கான்ஸ்டான்ட்ஸா
3 டிசம்பர் 1996, செவ்வாய்

அன்புள்ள ருக்சாந்தாவுக்கு,

நான் இறந்துவிட்டேன். இந்தச் செய்திக்கு ஆதாரம், நேற்று காலை 11.20க்கு என் வீட்டுக்கு வந்த தந்தி. அனுப்பியவள் நம் சித்தி மகள் இலிங்கா. வாசகம் இது: "குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபம். ஆர்திமோனைக் கடவுள் மன்னிப்பாராக." குடும்பத்தார் என்று இங்கே வேறு யாரும் இல்லாததால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தந்தி கொண்டுவந்த அம்மாள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, "தவறினவரு உங்களுக்கு ரொம்ப வேண்டியவருங்களா?" என்று கேட்டாள்.

"அறுபத்தாறு வருசப் பழக்கம்," என்றேன்.

ஒரே ஆதாரத்தை வைத்து எதையும் எழுதக் கூடாது என்பதை, பத்திரிகைக்காரனாக இருந்தும், நான் காலம் கடந்துதான் கற்றேன். ஆகவே தபால் நிலையம் போய் இலிங்காவுக்குத் தொலைபேசினேன். என் குரலைக் கேட்டதும் அலறிவிட்டு வைத்துவிட்டாள். இரண்டாம் முறை அவள் கணவர் எடுத்தார். மூன்றாம் முறைதான் விஷயம் வந்தது. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியதிலிருந்து மூன்று ஞாயிறுகளாக வலேனி தேவாலயத்தில் பாதிரியார் என் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறாராம். "நம்ம ஊர்ல ஆர்திமோன்னு வேற யாருப்பா இருக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பாதிரியார் படிக்கிற பெயர்ச்சீட்டை எழுதிக்கொடுத்தது நீ என்றும் சொன்னாள்.

ருக்சாந்தா, ஆண்டுதோறும் நோன்புக்கு நீ என் பெயரைக் கொடுக்கிறாய், ஒனோஃப்ரெய் விஷயத்துக்காக எனக்கு மன்னிப்பு கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் அடக்கத்தன்று நீயே சொன்னாய். அன்றைக்கே நான் பதில் சொன்னேன்: என் சார்பில் மேலேயோ கீழேயோ யாரிடமும் நீ பேச வேண்டாம். பதின்மூன்று வருடங்களில் நீ எனக்கு எழுதியது நான்கு கடிதங்கள். அந்த நேரத்தையெல்லாம் இதற்குத்தான் செலவிட்டாய் போலிருக்கிறது.

என் ரத்த அழுத்தம் 140க்கு 85. மருத்துவர் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது. விளக்கம் எதிர்பார்க்கிறேன்.

ஆர்திமோன்


வலேனி
11 டிசம்பர் 1996

அன்புள்ள அண்ணா,

உனக்கு ஆயுசு நூறு. செத்ததாகப் பேச்சு கிளம்பினால் ஆயுள் கெட்டிப்படும் என்பார்கள், கோபிக்காதே.

நடந்தது இதுதான். பழைய பாதிரியார் இருந்தபோது நாங்களே தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் உயிரோடிருப்பவர்கள், மறுபக்கம் சிலுவை போட்டு இறந்தவர்கள் என்று எழுதிக் கொடுப்போம். இப்போது வந்திருக்கும் பாதிரியார் தனாசே சீட்டை அச்சடித்து வைத்துவிட்டார். அழகுக்காக இரண்டு பக்கமும் சிலுவை. என் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூல் கட்டியிருந்தேன், அது அன்றைக்குப் பார்த்து அறுந்துவிட்டது. மெழுகுவத்தி விற்கும் மேசையில் ஆறேழு பேர் என்னை இடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கம் மாறிப்போய்விட்டது.

நீ மட்டும் இல்லை. நானும் இறந்தவர்களில்தான் இருக்கிறேன். ஊரில் ஏழு ருக்சாந்தாக்கள் இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. இலிங்காவும் அந்தப் பக்கம்தான், அவளிடம் சொல்லிவிடாதே. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நான்கு ஞாயிறாக நல்ல உடல்நலம் கேட்டு ஜெபம் நடக்கிறது.

ஆனால் அண்ணா, ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒனோஃப்ரெய் வந்து நின்றார். மூன்று வீடு தள்ளி இருக்கிறார். ஆனால் உன் செய்தி பத்திரிகையில் வந்த நாளிலிருந்து, இருபத்தைந்து வருடமாக நம் வாசலுக்கு வந்ததில்லை. அம்மா அடக்கத்துக்குக்கூட வேலிக்கு வெளியேதான் நின்றார்.

"ருக்சாந்தா, ஆர்திமோன் போயிட்டானாமே?"

எங்கிருந்தோ அவருக்குத் தகவல் வந்துவிட்டது, எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்தேன். விறகு வெட்டும் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"கடவுள் அவன மன்னிக்கட்டும்."

யார் இறந்தாலும் நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். அப்புறம், "நானும் மன்னிச்சிட்டேன். மண்ணுக்குள்ள போனவன்கிட்ட என்ன வம்பு?" என்றார்.

எனக்குச் சுதாரிப்பு வருவதற்குள் போய்விட்டார்.

நீ கேட்கச் சொல்லவில்லைதான். நான் கேட்டேன். கிடைத்தது.

தங்கை
ருக்சாந்தா


கான்ஸ்டான்ட்ஸா
18 டிசம்பர் 1996

அன்புள்ள ருக்சாந்தாவுக்கு,

உன் கடிதம் 16ஆம் தேதி வந்தது. நான்கு முறை படித்தேன்.

ஒனோஃப்ரெய் சொன்ன சொற்கள் அவைதானா, அல்லது நீ நினைவிலிருந்து சீர்செய்து எழுதினாயா? "நானும் மன்னிச்சிட்டேன்" என்பதில் அந்த "நானும்" அவர் வாயிலிருந்து வந்ததா? அருகில் வேறு யாராவது இருந்தார்களா? கோழிகள் சாட்சியாகாது.

சொற்கள் அவைதான் என்றால் நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். சிரிக்காதே. அப்படியே விட்டுவிடு. வலேனியில் நான் இறந்தவனாகவே இருக்கிறேன். அதில் எனக்கு எந்த அசௌகரியமும் இல்லை. அங்கே வரப்போவதில்லை. ஓய்வூதியம் இங்கே வருகிறது. பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று 1971 ஜூலையில் நான் எழுதிய பதினாறு வரிச் செய்தியால் அந்த மனிதர் பால் சேகரிப்பு நிலையத்து வேலையை இழந்தார், பதினோரு வருடம் செங்கல் சூளையில் வேலை செய்தார், இன்றுவரை "தண்ணி ஒனோஃப்ரெய்" என்று கூப்பிடப்படுகிறார். உயிரோடு இருந்த ஆர்திமோனின் பெயரை அவர் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. செத்த ஆர்திமோனுக்கு ஒரே ஞாயிற்றில் மன்னிப்பு கிடைத்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் அதை இழக்கிறேன். நீயாக இருந்தால் எழுந்திருப்பாயா?

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கேட்டவள் நீ. கொடுத்தவர் அவர். இடையில் நான் எங்குமே இல்லை. இப்படி ஒன்று மேலே செல்லுபடியாகுமா? ஒருவருக்காக இன்னொருவர் கடவுளிடம் மன்னிப்பு கேட்டு வாங்கித்தர முடியுமா? உன் பாதிரியாரிடம் கேட்டு எழுது. அவர் சொன்னதை அப்படியே எழுது. உன் விளக்கம் வேண்டாம்.

ஆர்திமோன்

பி.கு.: கண்ணாடியைச் சரிசெய்துகொள். பழைய கண்ணாடிச் சட்டம் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன்.


வலேனி
29 டிசம்பர் 1996

அண்ணா,

சட்டம் வந்தது, பொருந்துகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் இனிமேல் உன் சட்டத்தின் குற்றம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திங்களன்று பாதிரியார் வீட்டுக்குப் போனேன். கொட்டகை முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நீ கேட்டபடி பேச்சை அப்படியே தருகிறேன்.

"சாமி, ஒருத்தருக்காக இன்னொருத்தர் கடவுள்கிட்ட மன்னிப்பு கேக்கலாமா?"

"கேக்கலாமாவா? கேக்கணும். நான் தெனமும் என்ன பண்றேன்னு நெனச்சே?"

"கேட்டா கெடைக்குமா?"

"அவர் குடுக்கறத நான் படி வச்சு அளந்து சொல்ல முடியுமா? நாலு பேர் ஒரு முடவனைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து, கூரையப் பிரிச்சு ஆண்டவர் முன்னால இறக்கினாங்க இல்ல? அந்த நாலு பேரோட நம்பிக்கையப் பாத்துதான் அவனுக்கு மன்னிப்பு கெடச்சுது. அதனால தூக்கிட்டு வரலாம். தப்பே இல்ல."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எழுந்துவிட்டேன். அவர் கோடரியைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டு, "ஆனா ஒண்ணு ருக்சாந்தாம்மா," என்றார். "அந்த நாலு பேரும் ஆள வீட்லயே விட்டுட்டு வெறுங்கட்டிலத் தூக்கிட்டு வந்திருந்தா?"

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"யாருக்காகக் கேக்கறே?"

சொன்னேன். எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டு விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆறு வாரமா உசுரோட இருக்கறவனுக்கு நான் நித்திய இளைப்பாறுதல் கேட்டிருக்கேன்!"

"எங்க அம்மாவுக்கு நல்ல ஆரோக்கியமும் கேட்டீங்க சாமி."

சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அதற்காகத் தண்டனையைக் குறைக்கவும் இல்லை. தினம் ஐம்பது முறை தரையில் விழுந்து கும்பிட வேண்டும், ஜனவரி 6 திருக்காட்சித் திருநாள் வரை. முட்டியைக் காட்டினேன். இருபதாக்கினார்.

தண்டனை பெயர்ச்சீட்டுக்காக இல்லை. அது தெரியாமல் நடந்தது. போன கடிதத்தில் உனக்கு நான் ஒன்றை மறைத்தேன். ஒனோஃப்ரெய் அன்றைக்கு உடனே போகவில்லை. நான் கட்டையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்ததும், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கோயில்ல பேரு படிச்சப்போதான் எனக்கே தெரிஞ்சுது" என்றார். அந்த நிமிடமே எனக்குச் சீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நீ சாகவில்லை என்று புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறேன் அண்ணா, அன்றைக்கு இருந்ததுபோல் ஒருநாளும் இருந்ததில்லை. இறுக்கிக் கட்டின கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி. என் வாயை மூடிக்கொண்டேன். அடுத்தடுத்த ஐந்து ஞாயிறும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பின் அவர் ஒவ்வொரு ஞாயிறும் உனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறார். கோயிலுக்கு வெளியே இரண்டு மணல் தட்டுகள் இருக்குமே, உயிரோடிருப்பவர்களுக்கு மேல் தட்டு, இறந்தவர்களுக்குக் கீழ்த் தட்டு. குனிய முடியாத மனிதர், கீழ்த் தட்டில் குனிந்து ஏற்றுகிறார். உன் நாற்பதாம் நாளுக்கு அக்ரூட் தூவிப் படைக்கக் கோதுமை வேகவைக்க வேண்டுமே என்று தன் மரத்து அக்ரூட்டை உடைத்துப் பை நிறையக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அந்தப் பை அடுக்களையில் ஆணியில் தொங்குகிறது. நான் அதைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு தொடங்குவதற்குள் அவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார்.

இருபதில் பத்து உன் பங்கு.

ருக்சாந்தா


கான்ஸ்டான்ட்ஸா
9 ஜனவரி 1997

அன்புள்ள ருக்சாந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த 3ஆம் தேதியிலிருந்து திருக்காட்சித் திருநாள் வரை, நாளுக்குப் பத்து வீதம் நாற்பது முறை விழுந்து கும்பிட்டேன். கீழ்வீட்டுக்காரர் கரண்டியால் கூரையைத் தட்டினார். இது உன் கணக்கில் சேருமா என்று பாதிரியாரிடம் கேட்க வேண்டாம்.

உறை கனமாக இருப்பதைக் கவனித்திருப்பாய். உள்ளே ஒரு சீட்டு இருக்கிறது. மாவட்டப் பால் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடச் சீட்டு. தேதி 9 ஜூலை 1971. வலேனியிலிருந்து வந்த ஆறு கேன்களிலும் பால் சுத்தம், தண்ணீர் இல்லை என்று அதில் இருக்கிறது. தண்ணீர் இருந்தது அதே லாரியில் வந்த வேறொரு நிலையத்தின் கேன்களில்.

என் செய்தி வெளியானது ஜூலை 14. அதற்கு ஒரே ஆதாரம் கூட்டுப்பண்ணைத் தலைவர். நான் பரிசோதனைக்கூடத்துக்குப் போகவில்லை. ஒனோஃப்ரெயிடமும் கேட்கவில்லை. இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்.

செய்தி வந்து மூன்று வாரம் கழித்து, அந்தக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் இந்தச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஆசிரியரிடம் கொண்டுபோனேன். "மறுப்பா? நம்ம பத்திரிகைக்கா?" என்றார். அவ்வளவுதான். அவர் மிரட்டவில்லை, நானும் சண்டை போடவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அன்று முட்டைக்கோஸ் சூப். அடுத்த வசந்தத்தில் இந்தத் துறைமுக ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தேன்.

ஆக, தவறாக எழுதியது மட்டும் அல்ல. தவறு என்று தெரிந்து இருபத்தைந்தரை ஆண்டு பையில் வைத்திருந்தேன். 1983இல் அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ என்னை ஒனோஃப்ரெய் வாசலுக்குப் போகச் சொன்னாய். கிணறு வரை வந்து திரும்பினேன். அன்றைக்கும் இந்தச் சீட்டு என் பையில்தான் இருந்தது.

இதை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடு. நான் இறக்கவில்லை என்றும் சொல். எனக்காக இருபத்தைந்து வருடம் கடவுளிடம் பேசினாய். மூன்று வீடு தள்ளி ஒருமுறை பேசு.

ஆர்திமோன்


வலேனி
20 ஜனவரி 1997

அண்ணா,

சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே உறையில், அதே மடிப்பில்.

படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஆடு குட்டி போட்டது, இரண்டு. கோபத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

கடவுளிடம் உனக்காகத் தினமும் கேட்பேன். நீ வேண்டாம் என்றாலும் கேட்பேன், அதில் உனக்கு அதிகாரம் இல்லை. ஒனோஃப்ரெயிடம் கேட்க மாட்டேன். கடவுளுக்கு உன்னைத் தெரியும், நான் சொன்னால் யாரைச் சொல்கிறேன் என்று புரியும். ஒனோஃப்ரெய்க்கு நான் கொண்டுபோவது வெறுங்கட்டில்.

நீ சாகவில்லை என்பதையும் நான் சொல்லப்போவதில்லை. மறைத்தது என் பாவம், அதற்கு விழுந்து கும்பிட்டுவிட்டேன். உயிரோடிருக்கிறாய் என்பதை நீதான் வந்து காட்ட வேண்டும்.

அந்த முடவனுக்குக் கால் இல்லை. உனக்கு ரயில் இருக்கிறது.

ருக்சாந்தா


கான்ஸ்டான்ட்ஸா
12 பிப்ரவரி 1997

அன்புள்ள ருக்சாந்தாவுக்கு,

நம் மாவட்டப் பத்திரிகை மார்ச் 7 வெள்ளிக்கிழமை நான்காம் பக்கத்தில் என் திருத்தத்தை வெளியிடுகிறது. ஆதாரம்: ஆசிரியரின் கடிதம், நேற்று வந்தது. பழைய பெயரை மாற்றிவிட்டார்கள், ஆசிரியரும் புதியவர், இருபத்துநான்கு வயதுப் பெண். முதலில் தொலைபேசியில் கேட்டபோது, "சார், நான் அப்போ பொறக்கவே இல்லையே" என்றாள்.

"பால்காரர் பொறந்திருந்தாரும்மா," என்றேன்.

சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டாள். சரியாகச் செய்தாள். அப்போது அந்த மேசையில் என் இடத்தில் அவள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருத்தமும் பதினாறு வரிதான். சமாதானமோ காரணமோ எதுவும் சொல்லவில்லை. தவறு என்னுடையது, பால் சுத்தம், வேறு ஒன்றுமில்லை.

நேரில் வருவதைப் பற்றி: மார்ச்சில் அங்கே குளிர் கடுமை. என் இடது முட்டி அந்த நாற்பதுக்குப் பின் சரியாக இல்லை. ஒனோஃப்ரெய்க்கு எழுபத்தொரு வயது. செத்துவிட்டதாக நினைத்திருப்பவன் வாசலில் வந்து நின்றால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? முதலில் பத்திரிகையில் படிக்கட்டும். ஈஸ்டருக்குப் பிறகு யோசிக்கலாம்.

இவை காரணங்கள்தான். இவற்றை நான் வெளியிட மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

ஆர்திமோன்


வலேனி
24 பிப்ரவரி 1997

அண்ணா,

அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, பாதிரியாரும் சொல்லவில்லை. தபால்காரி அக்லாயா சொன்னாள். போன வியாழன் என் வாசலில் உன் கடிதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒனோஃப்ரெய் வண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்.

"என்ன ருக்சாந்தாக்கா, உங்கண்ணன் செத்தப்புறம்தான் நெறைய எழுதறாரு!" என்று சத்தமாகச் சிரித்தாள் அவள். அவளுக்கு எப்போதோ விஷயம் தெரியும், ஏன் தெரியாது, உறைமேல் உன் பெயரும் முகவரியும் அச்சடித்த மாதிரி இருக்கிறதே.

வண்டி நின்றது. ஒனோஃப்ரெய் இறங்கி வந்து, என் கையிலிருந்த உறையை வாங்கி, எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். தபால் முத்திரையில் தேதி. அதையும் பார்த்தார்.

"செத்தவன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். சீட்டு, கண்ணாடி, அச்சடித்த சிலுவை, அன்றைக்கே எனக்குத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டது. மன்னிப்பு கேட்டேன், எனக்காக, எனக்கு மட்டும். குதிரை என் வேலியைத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் அவர் கேட்டார்:

"அந்த அக்ரூட்ட என்ன பண்ணே?"

"ஆணியில தொங்குது. தொடல."

"நல்லவேள." சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை, மீசை நகர்ந்தது. "ஒன்ன என்ன பண்றது? போ, ஒன்ன மன்னிச்சிட்டேன்."

அப்புறம் நானே கேட்டேன். அடக்க முடியவில்லை. "அப்ப எங்கண்ணன? அன்னிக்குச் சொன்னீங்களே, அது?"

வண்டிச் சக்கரத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தார். அண்ணா, இதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் சீர்செய்யவில்லை, அக்லாயாவும் சாட்சி.

"கடவுள் மன்னிக்கட்டும்னு சொன்னேன் பாரு, அது மேல போயிடுச்சு. அத நான் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் மாட்டேன். நானும் மன்னிச்சேன்னு சொன்னேனே, அது செத்தவனுக்குச் சொன்னது. செத்தவன் இல்லைன்னு ஆயிடுச்சு. அதனால அது எங்கிட்டயேதான் இருக்கு. வேணும்னா அவன் வந்து வாங்கிக்கட்டும். ஒங்கிட்டக் குடுத்தனுப்பற சாமான் இல்ல அது."

பத்திரிகையில் வரப்போவதை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எப்படியும் படிப்பார், அவர் ஒருநாளும் அந்தப் பத்திரிகையை விட்டதில்லை. இத்தனை வருடமும் நான்காம் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார் என்று அவர் மனைவி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். திருத்தம் எல்லாம் அங்கேதானே போடுவார்கள்.

நேற்று ஞாயிறு. பூசைக்கு முன்னால் வெளியே மெழுகுவத்தி ஏற்ற வந்தார். பழக்கத்தில் கீழ்த் தட்டுக்குக் குனிந்து மணலில் குத்தி ஏற்றிவிட்டார். பிறகு நிமிர்ந்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பின்னால்தான் இருந்தேன். மறுபடி குனிந்து, திரியை விரலால் நசுக்கி அணைத்து, பிடுங்கி, மணலைத் தட்டிவிட்டு மேல் தட்டில் வைத்து ஏற்றினார்.

"செத்தும் தொல்ல, பொழச்சும் தொல்ல," என்று முணுமுணுத்தார்.

உள்ளே போகும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வர்றதுன்னா மன்னிப்பு ஞாயித்துக்கெழமைக்குள்ள வரச் சொல்லு. திங்கக்கெழம நோன்பு ஆரம்பிச்சுடும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் வீட்டுக்கு வந்தவனுக்குப் பால் குடுக்க முடியாது."

அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியாது. பாலில் தண்ணீர் இருந்தால் காட்டிக்கொடுக்கிற பழைய லாக்டோமீட்டர் அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. யார் போனாலும் பாலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதை உள்ளே விட்டு, எண்ணைக் காட்டிவிட்டுத்தான் குடிக்கக் கொடுப்பார். ஊரே கேலி செய்யும். நான் குடித்ததில்லை. என்னைக் கூப்பிட்டதில்லை.

உன் கட்டில் இங்கே தயாராக இருக்கிறது. விரிப்பு மாற்றிவிட்டேன்.

ருக்சாந்தா


கான்ஸ்டான்ட்ஸா
3 மார்ச் 1997, திங்கள்

அன்புள்ள ருக்சாந்தாவுக்கு,

சனிக்கிழமை மாலை 4.10க்கு ரோமான் நிலையத்தில் இறங்குகிறேன். ஆதாரம்: கையிலிருக்கும் பயணச்சீட்டு, இரண்டாம் வகுப்பு, ஜன்னலோரம். அங்கிருந்து வலேனிக்கு ஐந்து மணிப் பேருந்து இப்போதும் ஓடுகிறது என்று நிலைய விசாரணையில் சொன்னார்கள். அதை மட்டும் இன்னொருவரிடமும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலையே இங்குள்ள தேவாலயத்துக்குப் போனேன். நான் போய் எத்தனை காலமாயிற்று என்பதை எழுத வேண்டாம். மெழுகுவத்தி விற்கிற பெண்ணிடம் பெயர்ச்சீட்டு கேட்டேன். "உயிரோட இருக்கறவங்க எந்தப் பக்கம்?" என்றும் கேட்டேன். "மேல எழுதியிருக்கு தாத்தா," என்றாள். படித்துப் பார்த்து, இரண்டாம் முறையும் பார்த்து, அந்தப் பக்கத்தில் ருக்சாந்தா என்று எழுதினேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக. என்னால்தான் மூடினாய். நீ கேட்கச் சொல்லவில்லை, அதில் உனக்கு அதிகாரமும் இல்லை. அடுத்தது ஒனோஃப்ரெய். என் பெயரை எழுதவில்லை. அதை நேரில் கொண்டுவருகிறேன்.

பரிசோதனைக்கூடச் சீட்டு கோட்டின் உள்பையில் இருக்கிறது. திருத்தத்தின் அச்சுப்படியை ஆசிரியர் அனுப்பினாள். ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொல்லித் தொலைபேசினேன், எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஒனோஃப்ரெய் நான்காம் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியோடு நான் கடிதம் வந்த இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்தரை ஆண்டுகளில் எத்தனை இதழ் என்று கணக்கிடத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

முட்டி பரவாயில்லை. என் பையில் இரண்டு சட்டை, சவரப் பெட்டி, உனக்கு ஒரு புதிய கண்ணாடிக் கூடு. அக்ரூட் பையைக் கழற்றி வை. அது எனக்காக உடைத்தது. ஞாயிறன்று உயிரோடு உட்கார்ந்து தின்பேன்.

உன் வீட்டிலிருந்து கிணறு வரை எனக்கு வழி தெரியும். கிணற்றிலிருந்து அவர் வாசலுக்கு எத்தனை அடி என்று நினைவில்லை. நாற்பது இருக்கலாம். கூட வராதே. தூக்கிக்கொண்டு வந்த வரைக்கும் போதும்.

இன்னும் உறுதியாகாதது ஒன்றே ஒன்று: எனக்கும் பால் ஊற்றி, அவர் சுவரிலிருந்து லாக்டோமீட்டரை எடுப்பாரா இல்லையா என்பது. ஞாயிறு, மார்ச் 9, மாலைப் பூசை முடிந்து இருட்டுவதற்குள் தெரிந்துவிடும்.

அண்ணன்
ஆர்திமோன்